நம் நினைவுகளைச் சுமக்கும் காந்தப் படலம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



காஜாங் பட்டணத்தில் ஒரு கணினிக் கடை. பழுது பார்க்கும் மேசைக்கு முன்னால் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கையில் சிறிய கறுப்புப் பெட்டி. கணினியோடு வெளியிலிருந்து இணைக்கும் ஹார்ட் டிஸ்க் அது. தமிழில் வன்தட்டு என்கிறோம். மகளின் திருமணப் படங்கள், மறைந்த கணவர் பேசிய காணொளி, தோட்டத்தில் வாழ்ந்த காலத்துப் பழைய படங்களை நகலெடுத்து வைத்தவை என எல்லாம் அதற்குள்தான். அலமாரியிலிருந்து எடுக்கும்போது கை தவறி விழுந்துவிட்டதாம். கணினியில் செருகினால் ‘டிக், டிக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது.

“தம்பி, படமெல்லாம் உள்ளதானே இருக்கு? எடுத்துக் கொடுத்துருவீங்கதானே?” என்று கேட்டார். கடைக்காரத் தம்பி உடனே பதில் சொல்லவில்லை.

நானும் அங்கே காத்திருந்தவன். ‘உள்ளே இருக்கிறது’ என்று அந்த அம்மா சொன்னாரே, எதற்குள்? எப்படி இருக்கிறது? எத்தனை காலம் இருக்கும்? இன்றைய உரையில் இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவோம். விடை தெரிந்தால், நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பெட்டியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

பெட்டிக்குள் என்ன?

வன்தட்டுப் பெட்டிக்குள் கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தட்டுகள் இருக்கின்றன. அலுமினியக் கலவையாலோ கண்ணாடியாலோ செய்தவை. மேசைக் கணினியில் இருக்கும் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும். நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். தட்டின் ஓரமோ மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தட்டின்மேல், அதைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் ஒரு சிறு ‘தலை’ மிதக்கிறது. எழுதுவதும் படிப்பதும் அதன் வேலை. நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். சிகரெட் புகையின் துகளும் கைரேகையின் எண்ணெய்ப் பசையும்கூட அந்த இடைவெளியைவிடப் பெரியவை.

சரி, நம் படங்கள் எங்கே இருக்கின்றன? தட்டில் இல்லை. தட்டின்மேல் பூசப்பட்ட காந்தப் படலத்தில் இருக்கின்றன. அதன் தடிமன் சுமார் 20 நானோமீட்டர்தான். ஒரு முடியின் தடிமனுக்கு வர அப்படி நாலாயிரம் படலங்களை அடுக்க வேண்டும். அந்த அம்மாவின் கணவர் குரலும் சிரிப்பும் அந்தப் படலத்தில் காந்தத்தின் திசையாகப் பதிந்து கிடக்கின்றன. வட துருவம் மேலே பார்த்தால் ஒரு பொருள், கீழே பார்த்தால் இன்னொரு பொருள். கணினிக்குத் தெரிந்த ஒன்றும் சுழியமும் அவ்வளவுதான். கைப்பேசியில் எடுத்த ஒரு சாதாரணப் படத்துக்கே இப்படி மூன்று கோடிக்கும் மேற்பட்ட குறிகள் வேண்டும்.

பெயிண்டில் தொடங்கிய கதை

உலகின் முதல் வன்தட்டை ஐபிஎம் நிறுவனம் 1956ஆம் ஆண்டில் வெளியிட்டது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல். அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 லட்சம் எழுத்துகளைத்தான். இன்று ஒரே ஒரு கைப்பேசிப் படம் ஏறக்குறைய அவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

அந்தத் தட்டுகளின்மேல் பூசியது ஒருவகைப் பெயிண்ட். இரும்புத் துருவின் இனத்தைச் சேர்ந்த இரும்பு ஆக்சைடுத் தூளைப் பசையில் கலந்திருந்தார்கள். கட்டிகள் இல்லாமல் இருக்கப் பெண்கள் அணியும் நீளக் காலுறையில் வடிகட்டி, காகிதக் கோப்பையில் அளந்து, சுழலும் தட்டின் நடுவில் ஊற்றினார்கள். சுழற்சியின் வேகத்தில் பெயிண்ட் சீராகப் பரவியது. நம் வீட்டில் தோசை மாவைக் கல்லில் ஊற்றிப் பரப்புவதுபோல, இங்கே கல்லே சுழன்றது.

பெயிண்டுக்கு ஓர் எல்லை உண்டு. தூள் ஒரே சீராக இருக்காது. தூளுக்கும் தூளுக்கும் நடுவே காந்தமில்லாத பசை வேறு இடத்தை அடைத்துக்கொள்கிறது. எழுத்தைச் சிறிதாக்க வேண்டுமென்றால் படலம் மெல்லியதாகவும் வழவழப்பாகவும் இருந்தாக வேண்டும். ஆகவே 1980களில் பெயிண்டைக் கைவிட்டு, உலோகத்தை அணு அணுவாகப் பூசும் முறைக்குத் தொழில்துறை மாறியது. கலிஃபோர்னியாவில் 1983இல் தொடங்கப்பட்ட கோமாக் நிறுவனம் இத்தகைய மென்படலத் தட்டுகளுக்கென்றே உருவானது. அந்தப் பெயரை நினைவில் வையுங்கள். அது பிறகு நம் நாட்டுக்கும் வருகிறது.

1956இல் ஒரு சதுர அங்குலத்தில் 2,000 குறிகளை எழுத முடிந்தது. இன்று ஒரு லட்சம் கோடிக்கு மேல் எழுதுகிறார்கள். ஐம்பது கோடி மடங்கு வளர்ச்சி. இந்த வளர்ச்சியில் பெரும்பங்கு படலத்தைச் செதுக்கியவர்களுக்கு உரியது.

கோலிக்குண்டு விளையாட்டு

அவ்வளவு மெல்லிய படலத்தை எப்படிப் பூசுகிறார்கள்? தூரிகையும் இல்லை, தெளிப்பானும் இல்லை. ‘ஸ்பட்டரிங்’ என்று சொல்வார்கள். தெறிக்க வைத்துப் பூசுவது என்று பொருள் கொள்ளலாம்.

சிறு வயதில் கோலிக்குண்டு விளையாடியிருப்போம். குவித்து வைத்த குண்டுகள்மேல் ஒரு குண்டை வேகமாக அடித்தால் நாலா பக்கமும் சிதறும் அல்லவா? அதுதான் இங்கேயும் நடக்கிறது. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட உலோக அறைக்குள் கொஞ்சம் ஆர்கான் வாயுவை விடுகிறார்கள். உயர் மின்னழுத்தம் கொடுத்ததும் ஆர்கான் அணுக்கள் மின்னூட்டம் பெற்று, எதிரே இருக்கும் உலோகக் கட்டியில் போய் மோதுகின்றன. மோதிய இடத்திலிருந்து உலோக அணுக்கள் தெறித்துப் பறந்து தட்டின்மேல் படிகின்றன. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் படியும். ஓர் அறையில் சில வினாடிகள்தான். பிறகு தட்டு அடுத்த அறைக்கு நகரும். அங்கே வேறு உலோகம், வேறு படலம். இப்படி ஒரே இயந்திரத்தில் வரிசையாகப் பல அறைகள்.

எதற்கு இத்தனை படலங்கள்? ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடியில் தட்டோடு ஒட்டிக்கொள்ளும் படலம். அதன்மேல் எளிதில் காந்தமாகி எளிதில் விடுபடும் மென்காந்தப் படலம். எழுதும் தலையிலிருந்து கிளம்பும் காந்த விசை கீழே இறங்கி, சுற்றித் திரும்பி வருவதற்கு அது பாதை போட்டுக் கொடுக்கிறது. அதன்மேல் ருத்தீனியம் எனும் அரிய உலோகம். மேலே வரும் காந்த மணிகள் எல்லாம் ஒரே திசையில் நேராக வளர வேண்டும் என்பதற்காக அது நாற்றங்கால்போல் அடித்தளம் அமைக்கிறது. அதற்கும் மேலேதான் கோபால்ட், குரோமியம், பிளாட்டினம் கலந்த பதிவுப் படலம். முடிவாக வைரத்தைப் போன்ற கடினமான கரிப் பூச்சு, இரண்டு மூன்று நானோமீட்டர் அளவில். அதன்மேல் ஒரு நானோமீட்டர் அளவுக்கு மசகு.

பதிவுப் படலத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. அது ஒரே தகடாக இருக்கக் கூடாது. ஒரே தகடாக இருந்தால் ஒரு மூலையில் காந்தத் திசை மாறும்போது பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே அதைக் குருணை குருணையாக வளர்க்கிறார்கள். ஒவ்வொரு குருணையும் சுமார் எட்டு நானோமீட்டர் அகலம். இரண்டு குருணைகளுக்கு இடையில் மணலின் மூலப் பொருளான சிலிக்கன் ஆக்சைடு போன்ற ஒன்று வரப்பாக நின்று அவற்றைப் பிரிக்கிறது. உலோகத்தையும் ஆக்சைடையும் ஒன்றாகவே தெறிக்க விடுவார்கள். படியும்போது உலோகம் தனியாகத் திரள, ஆக்சைடு தானாகவே ஓரத்துக்கு ஒதுங்கிவிடுகிறது. அப்படி ஒதுங்கும்படி அழுத்தத்தையும் கலவையையும் சரிசெய்வதில்தான் பொறியாளரின் திறமை இருக்கிறது.

கோலமும் காற்றும்

இனி முக்கியமான சிக்கலுக்கு வருவோம். அதைக் கோலத்தை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

அரிசிக் குருணையால் கோலம் போட்டால் கோடு கரடுமுரடாக இருக்கும். சிறிய கோலம் போடவே முடியாது. நைசாக அரைத்த மாவில் போட்டால் கோடு மெல்லியதாக, தெளிவாக விழும். வன்தட்டிலும் அப்படித்தான். இன்று ஒரு குறிக்கு ஏறக்குறைய பத்துக் குருணைகள். குறியைச் சிறிதாக்க வேண்டுமானால் குருணையும் சிறிதாக வேண்டும். இல்லையென்றால் குறியின் ஓரம் பிசிறடித்து, படிக்கும் தலை குழம்பிவிடும்.

சரி, மாவை இன்னும் நைசாக அரைத்துக்கொண்டே போகலாமா? போகலாம். ஆனால் சின்னக் காற்று வீசினாலும் கோலம் பறந்துவிடும். வன்தட்டில் காற்று எது? வெப்பம். சாதாரண அறை வெப்பத்திலேயே அணுக்கள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. குருணை மிகச் சிறியதானால், யாரும் எழுதாமலேயே அந்த அதிர்வில் அதன் காந்தத் திசை தானாகப் புரண்டுவிடும். படம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

ஒரு குருணை புரளாமல் இருக்க அதன் காந்த ஆற்றல் ஒரு தடுப்புச் சுவர்போல நிற்கிறது. அந்தச் சுவர் வெப்ப அதிர்வைப்போல் எத்தனை மடங்கு உயரம் என்பதுதான் கணக்கு. 40 மடங்கு இருந்தால் ஒரு குருணை சில ஆண்டுகள் தாங்கும். 20 மடங்காகக் குறைந்தால் ஒரு வினாடிகூடத் தாங்காது. பாதியாகக் குறைத்தால் ஆயுளும் பாதியாகும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆண்டுக் கணக்கு நொடிக்குள் சுருங்கிவிடும். எல்லாக் குருணைகளும் ஒரே அளவில் இராது என்பதால், பத்தாண்டுகள் நம்பி வைக்க ஏறத்தாழ 60 மடங்கு வேண்டும் என்று பொறியாளர்கள் கணக்குப் போடுகிறார்கள்.

அப்படியானால் மாவில் பசையைச் சேர்த்துவிடலாமே? அதாவது, எளிதில் புரளாத வலிய காந்தப் பொருளைப் பயன்படுத்தலாமே? செய்யலாம். காற்று அதை அசைக்காது. ஆனால் நம் கையாலும் அதை அசைக்க முடியாது. எழுதும் தலையின் காந்த விசைக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. அதற்கு மேல் பிடிவாதமான பொருளில் எழுதவே இயலாது.

ஆக, கயிறு மூன்று பக்கம் இழுக்கிறது. குறி தெளிவாக இருக்கக் குருணை சிறிதாக வேண்டும். சிறிதானால் வெப்பத்தைத் தாங்காது. தாங்கும்படி செய்தால் எழுத முடியாது. கடந்த முப்பது ஆண்டு வன்தட்டு ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த முடிச்சை அவிழ்க்கும் முயற்சிதான்.

சாத்தே குச்சிகளை நிற்க வைத்தால்

2005 வரை வந்த வன்தட்டுகளில் காந்தங்கள் தட்டின் பரப்போடு படுத்திருந்தன. காஜாங் சாத்தேயைச் சாப்பிட்டுவிட்டுக் குச்சிகளைத் தட்டில் படுக்க வைத்துப் பாருங்கள். பத்துக் குச்சிகளுக்கே இடம் போதாது. அதே குச்சிகளைக் குவளைக்குள் நிற்க வைத்தால் நூறு குச்சிகள் அடங்கிவிடும். இதே எண்ணத்தை 1977இலேயே முன்வைத்தவர் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் சுன் இச்சி இவாசாகி. காந்தங்களைத் தட்டுக்குச் செங்குத்தாக நிறுத்துவோம் என்றார்.

நிறுத்துவதில் மூன்று இலாபங்கள். குருணையின் அகலத்தைக் குறைத்தாலும் உயரத்தை விட்டுவைக்கலாம், ஆகவே அதன் கன அளவு அவ்வளவாகக் குறைவதில்லை. படுத்திருக்கும்போது ஒரே துருவங்கள் எதிரெதிரே முட்டி ஒன்றையொன்று தள்ளும். நிற்கும்போது மேல் பார்த்ததும் கீழ் பார்த்ததும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. மூன்றாவதாக, நான் முன்பு சொன்ன மென்காந்தப் படலம் அடியில் இருப்பதால் எழுதும் விசையும் வலுக்கிறது.

எண்ணம் 1977இல் வந்தது. கடைக்கு வந்த முதல் வன்தட்டை தோஷிபா நிறுவனம் 2005இல்தான் வெளியிட்டது. நடுவில் 28 ஆண்டுகள். ஏன் இவ்வளவு தாமதம்? எண்ணத்தில் குறையில்லை. குருணைகளைச் செங்குத்தாக, ஒரே அளவில், ஒன்றோடொன்று ஒட்டாமல் வளர்க்கும் படலத்தை உருவாக்கத்தான் அத்தனை காலம் பிடித்தது. பழைய முறையும் எளிதில் தோற்றுவிடவில்லை, ஆண்டுக்காண்டு முன்னேறிக்கொண்டே இருந்தது. இவாசாகிக்கு 2010ஆம் ஆண்டின் ஜப்பான் பரிசு கிடைத்தது.

இந்தத் துறையில் தமிழ்ப் பெயர் ஒன்றும் உண்டு. சிங்கப்பூரின் தரவுச் சேமிப்பு ஆய்வுக் கழகத்தில் பணியாற்றி, பிறகு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர் எஸ்.என். பிரமநாயகம். செங்குத்துப் பதிவுக்கான காந்தப் படலங்களைப் பற்றி அவர் 2007இல் எழுதிய விரிவான ஆய்வுரை, இத்துறைக்குள் நுழையும் மாணவர்கள் தேடிப் படிக்கும் ஒன்று. நமக்குப் பக்கத்து நாட்டில் நடந்த வேலை இது.

படிக்கும் தலையிலும் மென்படலங்கள்தான் வேலை செய்கின்றன. இரும்பு, குரோமியப் படலங்களை மாற்றி மாற்றி அடுக்கினால், காந்த விசையால் அவற்றின் மின்தடை பெரிதாக மாறுவதை 1988இல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர், ஜெர்மனியில் பீட்டர் குரூன்பர்க் ஆகியோர் தனித்தனியே கண்டறிந்தார்கள். 1997இல் அது வன்தட்டுக்குள் வந்தது. 2007இல் இருவருக்கும் இயற்பியலுக்கான நோபல் பரிசு.

அரக்கு முத்திரை

நிற்க வைத்த குச்சிகளுக்கும் ஒரு கட்டத்தில் இடம் தீர்ந்துவிடுகிறது. பிறகு என்ன செய்வது?

அந்தக் காலத்தில் பத்திரங்களுக்கு அரக்கு முத்திரை வைப்பார்கள். ஆறிய அரக்கில் முத்திரை பதியாது. சூடாக்கினால் இளகும். பதித்ததும் ஆறி இறுகிவிடும். அதே வழியை வன்தட்டிலும் பிடித்திருக்கிறார்கள். இரும்பும் பிளாட்டினமும் கலந்த மிகப் பிடிவாதமான காந்தப் பொருளை எடுத்துக்கொள்கிறார்கள். அதன் குருணை மூன்று நான்கு நானோமீட்டருக்குச் சிறுத்தாலும் வெப்பத்தைத் தாங்கும். சாதாரணமாக அதில் எழுத முடியாது. ஆகவே எழுதும் நொடியில் மட்டும், எழுதும் இடத்தை மட்டும், நுண்ணிய லேசர் ஒளியால் 400 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்குகிறார்கள். சூட்டில் அதன் பிடிவாதம் தளர்கிறது. எழுதியதும் நூறு கோடியில் ஒரு பங்கு வினாடி அளவில் ஆறி இறுகிவிடுகிறது.

சொல்லும்போது எளிது. இரும்பும் பிளாட்டினமும் ஓர் அடுக்கு இது, ஓர் அடுக்கு அது என்று ஒழுங்காக அமர்ந்தால்தான் அந்தப் பிடிவாதம் வரும். அதற்குப் படலத்தைக் கடும் சூட்டிலேயே வளர்க்க வேண்டும். வழக்கமான அலுமினியத் தட்டு அந்தச் சூட்டைத் தாங்காது, கண்ணாடித் தட்டுதான் வேண்டும். மேல் பூச்சும் மசகும் லேசர் சூட்டைக் கோடிக்கணக்கான முறை தாங்க வேண்டும். இதற்காக சீகேட் நிறுவனம் 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. 2024 ஜனவரியில், ஒரு தட்டுக்கு 3 டெராபைட், பத்துத் தட்டுகளில் 30 டெராபைட் கொள்ளும் வன்தட்டை அறிவித்தது.

நம் நாட்டுக்கு வந்தது, நம்மை விட்டுப் போனது

இதெல்லாம் எங்கோ நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். சீகேட் பினாங்குக்கு 1989இல் வந்தது. நான் நினைவில் வைக்கச் சொன்ன கோமாக், பினாங்கிலும் ஜொகூரிலும் சரவாக்கிலும் ஆலைகளை நடத்தியது. காந்தப் படலம் இந்த மண்ணிலேயே பூசப்பட்டது. 2007இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் ஏறக்குறைய 100 கோடி அமெரிக்க டாலருக்கு கோமாக்கை வாங்கியது. அதே வெஸ்டர்ன் டிஜிட்டல் நம் கிள்ளான் பள்ளத்தாக்கில், பெட்டாலிங் ஜெயாவில், வன்தட்டுகளைப் பூட்டி முடிக்கும் ஆலையை வைத்திருந்தது.

காஜாங், செமினி, பாங்கி சுற்றுவட்டாரத் தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் துண்டாடப்பட்ட காலத்தில், பால்மரத்தை விட்டு வந்த நம் பிள்ளைகள் பலர் கம்பெனி பஸ் ஏறி மின்னியல் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். உச்சி முதல் பாதம்வரை வெள்ளை உடை போர்த்திக்கொண்டு, மூன்று ஷிப்ட்டுகளில் வேலை செய்தார்கள். அந்தச் சம்பளத்தில் தம்பி தங்கைகள் படித்தார்கள், தாமான்களில் வீடு வாங்கினார்கள்.

2018 ஜூலையில் வெஸ்டர்ன் டிஜிட்டல், பெட்டாலிங் ஜெயா வன்தட்டு ஆலையை 2019 இறுதிக்குள் மூடுவதாக அறிவித்தது. மேசைக் கணினியிலும் மடிக்கணினியிலும் வன்தட்டின் தேவை குறைந்துவிட்டது என்பது காரணம். அவற்றின் இடத்தைச் சில்லுகளால் ஆன சேமிப்புச் சாதனங்கள் பிடித்துக்கொண்டன.

இதில் நம் இளைஞர்கள் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெட்டியைப் பூட்டும் வேலை எந்த நாட்டுக்கும் இடம் மாறிவிடும். படலத்தை அறிந்தவரின் அறிவு அவரோடுதான் இருக்கும். மென்படல அறிவு வன்தட்டோடு முடிவதும் இல்லை. சூரிய மின்தகட்டிலும் கணினிச் சில்லிலும் மூக்குக் கண்ணாடியிலும் அதே தெறிக்க வைத்துப் பூசும் கலைதான் இருக்கிறது. காஜாங்கிலிருந்து பாங்கியின் மலேசிய தேசியப் பல்கலைக்கழகமும் செர்டாங்கின் புத்ரா பல்கலைக்கழகமும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. எஸ்பிஎம்மில் இயற்பியலையும் வேதியியலையும் கடினம் என்று ஒதுக்கும் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்வது பெற்றோரின் கடமை.

ஒற்றைப் படலத்தை நம்பலாமா?

“நான் எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிட்டேன், எனக்கு எதற்கு வன்தட்டு?” என்று சிலர் கேட்பார்கள். கிளவுட் என்பது வானத்து மேகம் அல்ல. சைபர்ஜெயாவிலும் ஜொகூரிலும் எழும்பி நிற்கும் தரவு மையங்களைப் போன்ற கட்டடங்கள்தான். உலகெங்கும் அத்தகைய கட்டடங்களில் பெரும்பகுதித் தரவு இன்றும் காந்தப் படலத்தில்தான் கிடக்கிறது. ஆனால் அவர்கள் ஒன்றைத் தவறாமல் செய்கிறார்கள். எந்தத் தரவையும் ஒரே தட்டில் மட்டும் வைப்பதில்லை. இந்தத் தொழிலை நன்கு அறிந்தவர்களே ஒற்றைப் படலத்தை நம்புவதில்லை என்றால், நாம் மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

ஆகவே சில எளிய வழிகள். முக்கியமானவற்றை மூன்று பிரதிகளாக வையுங்கள். இரண்டு வேறு வேறு சாதனங்களில் இருக்கட்டும், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். காஜாங்கில் இருப்பவர் கிள்ளானில் இருக்கும் அண்ணன் வீட்டில் ஒரு பிரதியைக் கொடுத்து வைக்கலாம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் உலு லங்காட்டிலும் சா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதை நாம் மறந்திருக்க மாட்டோம். மூன்று பிரதிகளும் ஒரே அலமாரியில் இருந்தால் மூன்றும் ஒன்றாகவே போய்விடும்.

வன்தட்டு சுழன்றுகொண்டிருக்கும்போது நகர்த்தாதீர்கள். வெயில் படும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை எடுத்து இணைத்து, கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். ஐந்தாறு ஆண்டுகளில் புதியதற்கு மாற்றி எழுதிவிடுங்கள். சில்லால் ஆன சாதனம் கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் மின்சாரம் இல்லாமல் பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்தால் அதன் மின்னூட்டம் மெல்லக் கசியும், அதையும் மறந்துவிடக் கூடாது. ‘டிக், டிக்’ சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். ‘இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்’ என்று முயல வேண்டாம். வீட்டில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஒரு தூசி போதும்.

அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவர் கேட்டது சரிதான், படங்கள் உள்ளேதான் இருந்தன. கீழே விழுந்ததில் காந்தத் திசை மாறிவிடுவதில்லை. ஆனால் விழுந்ததில் தலை பழுதாகியிருந்தது. அது தெரியாமல் வீட்டில் நாலைந்து தடவை செருகிப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும், வேகமாகச் சுழலும் தட்டைப் பழுதான தலை உரசியிருக்கிறது. உரசிய இடத்தில் 20 நானோமீட்டர் படலம் பொடியாகிவிட்டது. பொடியானதைச் சேர்த்து வைக்கும் விஞ்ஞானம் இல்லை.

மீட்பு நிலையத்துக்கு அனுப்பியதில் தோட்டத்துப் படங்களில் சில திரும்பின. திருமணப் படங்கள் முழுவதும் கிடைத்தன, வன்தட்டிலிருந்து அல்ல. படமெடுத்த பிரிக்பீல்ட்ஸ் புகைப்படக்காரர் தம்மிடம் ஒரு பிரதியை வைத்திருந்தார். கணவர் பேசிய காணொளிக்கு இன்னொரு பிரதி எங்கும் இல்லை. அது திரும்பவில்லை.

வெப்பம் அழிக்கப் பார்க்கும் காந்தத் திசையைப் பத்தாண்டுகள் பிடித்து வைக்க எத்தனையோ பேர் எத்தனையோ ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது நம் பங்கு. அதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் அந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்து, இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள்.